'தெரிந்தே' என்றொரு சொல்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வாட்டர்லூ நகரத்துக் கால்நடைக் கண்காட்சித் திடலில் ஒரு நடனக்கூடம் உண்டு. 2008 மே மாதம் அது சில நாட்கள் நீதிமன்றமாக இயங்கியது. பத்துப் பத்துப் பேராக ஆட்களை உள்ளே கொண்டுவந்தார்கள். கையில் விலங்கு, காலில் விலங்கு, இடுப்பைச் சுற்றி ஒரு சங்கிலி. பெரும்பாலோர் குவாத்தமாலாவின் கிராமத்து ஆட்கள். சிலருக்கு ஸ்பானிய மொழியே தாய்மொழி அல்ல. நீதிபதி ஆங்கிலத்தில் சொன்னது அவர்களை வந்தடைந்தபோது எவ்வளவு மிஞ்சியதோ.

மே 12 அன்று போஸ்ட்வில் என்ற சிற்றூரின் இறைச்சி ஆலையில் நடந்த சோதனையில் 389 பேர் பிடிபட்டார்கள். ஊரின் மக்கள்தொகையே சுமார் 2,200தான். பிடிபட்டவர்களில் ஏறக்குறைய 300 பேர்மீது குற்றவழக்கு. நாட்டுக்குள் திருட்டுத்தனமாக வந்ததற்காக அல்ல. வேலைக்குச் சேரும்போது காட்டிய சமூகப் பாதுகாப்பு அட்டையின் எண் இன்னொருவருடையது, ஆகவே அடையாளத் திருட்டு. சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து மாதச் சிறை, பிறகு ஊருக்கு அனுப்பிவிடுவோம். வழக்காடித் தோற்றால் குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறை என்றது அரசுத் தரப்பு. வீட்டில் அடுப்பெரிய வேண்டிய எவரும் என்ன செய்வாரோ அதையே அவர்களும் செய்தார்கள். அந்த எண் எதற்கு என்பதே பலருக்குத் தெரியவில்லை என்று அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த பேராசிரியர் பிறகு எழுதினார்.

அவர்கள் சட்டத்தை மீறினார்களா? மீறினார்கள். அதை மழுப்ப வேண்டியதில்லை. ஒரு நாடு தன் வாசலில் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று முடிவு செய்யலாம். எல்லையே கூடாது என்று வாதாடுபவர்களும் தம் வீட்டுக் கதவைத் தாழிட்டுத்தான் தூங்குகிறார்கள். இங்கே எடைபோட வேண்டிய கேள்வி வேறு. ஒருவனின் உழைப்பைப் பல ஆண்டுகள் வாங்கித் தின்ற சமூகம், 'உன்னை யார் கூப்பிட்டது?' என்று கேட்கும் தகுதியை எந்தக் கட்டத்தில் இழக்கிறது?

அமெரிக்கா கூப்பிட்டது என்பதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. 1942இல், போரில் ஆள் குறைந்தபோது, மெக்சிகோவோடு உடன்படிக்கை போட்டு 'பிராசெரோ' திட்டத்தைத் தொடங்கினார்கள். கையால் உழைப்பவன் என்ற பொருளில் வந்த பெயர். 1964இல் அது முடியும்வரை 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒப்பந்தம் இல்லாமலும் ஆட்கள் வந்தார்கள், ஏனென்றால் பண்ணையார்களுக்கு அதுதான் வசதி. 1940களின் பிற்பகுதியில் அப்படி வந்து பிடிபட்டவர்களை எல்லைக்குக் கூட்டிப் போவார்கள். மெக்சிகோ மண்ணில் சற்றே கால் வைக்கச் சொல்லி, திரும்ப அழைத்து, கையில் காகிதத்தைக் கொடுத்து, அதே வயலுக்கு அனுப்புவார்கள். 'உலர்த்துவது' என்று இதற்குப் பெயர். ஆற்றில் நனைந்து வந்தவனைக் காயவைக்கிறார்களாம். சட்டவிரோதத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஓரடி தூரம்தான், அதை அளப்பவன் கையில் அளவுகோல் இருந்தால்.

1952இல் வந்த குடியேற்றச் சட்டம் இன்னும் நேர்மையாக நேர்மையற்று இருந்தது. அனுமதியின்றி வந்தவருக்கு இடங்கொடுப்பது பெருங்குற்றம் என்று விதித்துவிட்டு, வேலை கொடுப்பது இடங்கொடுத்ததாகாது என்று ஒரு விலக்கையும் சேர்த்தது. டெக்சாஸ் பண்ணையார்கள் கேட்டு வாங்கியதால் அதற்கு 'டெக்சாஸ் விலக்கு' என்றே பெயர். இரண்டே ஆண்டில், 1954இல், ஐசனோவர் ஆட்சி மெக்சிகோக்காரர்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்து நாடு கடத்தியது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள் நம் பக்கம். இங்கே கிள்ளிய கையும் ஆட்டிய கையும் ஒரே அரசாங்கத்தின் கைகள்.

டெக்சாஸ் விலக்கு 34 ஆண்டு நின்றது. 1986இல் ரேகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குக் குடியுரிமை வழியைத் திறந்தது. கூடவே, முதன்முறையாக, அவர்களை வேலைக்கு வைப்பவரும் குற்றவாளி என்றது. ஆனால் ஒரு சொல்லைச் சேர்த்து: 'தெரிந்தே' வைத்தால்.

அந்த ஒரு சொல் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். புதிதாக ஆள் சேரும்போது 'ஐ-9' என்ற படிவத்தை நிரப்புகிறார்கள். சேர்பவர் அட்டையைக் காட்டுவார். அலுவலகத்தில் இருப்பவர் அதைப் புரட்டிப் பார்ப்பார். பார்வைக்கு உண்மையானதுபோல் இருந்தால் போதும். ஒப்பமிட்டுக் கோப்பில் வைத்துவிடலாம். கள்ள அட்டை என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும் கோப்புக்குத் தெரியாது. அதற்கும் துணியாதவர் இடையில் ஒரு ஒப்பந்தக்காரரை வைத்துக்கொள்வார். ஆட்களைக் கொண்டுவருவது மேஸ்திரியின் பொறுப்பு, அவர் எங்கிருந்து கொண்டுவந்தாரோ நமக்கென்ன தெரியும்? எண்ணை உடனுக்குடன் கணினியில் சரிபார்க்கும் 'இ-வெரிஃபை' என்ற ஏற்பாடு 1990களிலேயே தொடங்கப்பட்டது. நாடு முழுவதற்கும் அதைக் கட்டாயமாக்கும் சட்டம் மட்டும் இன்றுவரை நிறைவேறவில்லை. எல்லையில் சுவர் எழுப்பக் கோடிகளைக் கொட்டத் தயங்காத கட்சியும் சரி, சுவரைக் கண்டு கண்ணீர் விடும் கட்சியும் சரி, இந்த இடத்தில் மட்டும் ஒற்றுமையாக இருமுகிறார்கள்.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை, குடியேற்றத்துக்கு எதிரான கூச்சல் உச்சத்தில் இருந்த அந்தப் பன்னிரண்டு மாதங்களில், சட்டவிரோதமாக எல்லை தாண்டியதற்காக 80,000 பேருக்கு மேல் கூட்டரசு வழக்குத் தொடுத்தது. தெரிந்தே அவர்களை வேலைக்கு வைத்ததற்காக வழக்குக்குள்ளானவர்கள் 11 பேர். நிறுவனம் ஒன்றுகூட இல்லை. சைரக்யூஸ் பல்கலைக்கழக ஆய்வு மையம் அரசின் ஆவணங்களிலிருந்தே எடுத்துச் சொன்ன கணக்கு இது.

இதைச் சட்டத்தின் தோல்வி என்று சொல்வது பழகிப்போன பேச்சு. உண்மையில் சட்டம் தோற்கவில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. காகிதம் இல்லாதவன் கேள்வி கேட்கமாட்டான். அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவான், கூலி குறைந்தால் புகாருக்குப் போகமாட்டான். கூலியில் கிடைக்கும் தள்ளுபடியே அந்தப் பயத்திலிருந்துதான் வருகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு தொழிற்சாலையில் சங்கம் சேர்க்க உதவியதற்காகச் சிலரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது சட்டத்துக்குப் புறம்பு என்று தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்து, ஒருவருக்கு ஏறக்குறைய 67,000 டாலர் நிலுவைக் கூலி தரச் சொன்னது. அவரிடம் காகிதம் இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு செய்தது: அவருக்கு அந்தப் பணம் கிடையாது. இப்படித் தீர்த்தால் முதலாளிக்குச் சட்டமீறல் மலிவாகிவிடும், காகிதமில்லாதவர்களை வைக்கவே ஆசை வரும் என்று மாறுபட்ட நீதிபதிகள் எழுதினார்கள். கடைக்குக் கணக்கெழுதுபவருக்குக்கூட எட்டக்கூடிய விஷயம்தான்.

இனி எதிர்த்தரப்புக்கு வருவோம். குடியேறிகளுக்காகப் பரிந்து பேசும் கனவான்கள் அடிக்கடி ஒரு வாதத்தை எடுப்பார்கள்: 'இவர்கள் இல்லாவிட்டால் நம் தக்காளியை யார் பறிப்பது?' கேட்க இரக்கம்போல இருக்கும். ஒரு மனிதன் இங்கே இருக்கலாமா என்பதற்கு அவன் மலிவாகக் கிடைப்பதைக் காரணமாகக் காட்டும் வாதம் அது. இயந்திரம் வந்து தக்காளி பறிக்கத் தொடங்கினால் அவனை அனுப்பிவிடலாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. விரட்டுகிறவர்களின் வெறுப்பைவிட இந்த அன்பு எவ்விதத்தில் மேல் என்று சொல்வது கடினம்.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2011இல் ஜார்ஜியா மாநிலம் கடுமையான குடியேற்றச் சட்டம் கொண்டுவந்ததும் வயல்களில் ஆள் இல்லாமல் போயிற்று. சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருக்கும் தண்டனைக்காரர்களை அனுப்பலாமே என்றார் ஆளுநர். வெள்ளரிக்காய் பறிக்க வந்தவர்களில் பலர் பொழுது சாயுமுன் நடையைக் கட்டினார்கள். வேலை அவ்வளவு கடினம் என்பது ஒன்று. அந்தக் கடினத்துக்குக் கொடுத்த கூலி அவ்வளவு குறைவு என்பது இன்னொன்று. முதலாவதை எல்லோரும் எழுதினார்கள்.

ஃபுளோரிடாவின் இம்மோக்கலி ஊரில் தக்காளி பறிப்பவர்களுக்கு வாளிக்குக் கணக்கு. ஒரு வாளி 32 பவுண்டு, நம் கணக்கில் பதினான்கரைக் கிலோ. குனிந்து பறித்து நிரப்பி, தோளில் ஏற்றி, லாரிவரை ஓடி, மேலே நிற்பவன் கைக்கு வீச வேண்டும். 2000களின் தொடக்கத்தில் இதற்குக் கூலி 40, 45 சென்ட். அங்கிருந்த தொழிலாளர்கள் கூட்டமைப்பு ஒன்றைக் கட்டி, பண்ணைக்காரரை விட்டுவிட்டு, தக்காளியைக் கொள்முதல் செய்யும் பெரிய உணவக நிறுவனங்களைப் பிடித்தார்கள். கேட்டது பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதல். அதைக் கொடுக்க வைப்பதற்கு ஒரு நிறுவனத்தைப் புறக்கணிக்கும் போராட்டம் 2001இலிருந்து 2005வரை நான்கு ஆண்டு நடந்தது. பவுண்டுக்கு ஒரு சென்ட் என்றால் வாளிக்கு 32 சென்ட். பறிப்பவனுக்குக் கூலி ஏறக்குறைய முக்கால் பங்கு உயரும். சாப்பிடுபவர் தட்டில் அந்த ஒரு சென்ட் எங்கே இருக்கிறது என்று தேடினாலும் கிடைக்காது. மலிவுக் கூலி இல்லாவிட்டால் நாம் சாப்பிட முடியாது என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை, அல்லது போட்டுப் பார்த்துவிட்டு மறைக்கிறார்கள்.

உள்ளூர் ஏழைத் தொழிலாளியின் மனக்குறையையும் இனவெறி என்று ஒதுக்கிவிட முடியாது. தன்னைவிடப் பயந்தவன் பக்கத்தில் நிற்கும்போது தன் பேரம் விழுகிறது என்பது அவன் அனுபவம். பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ், மெக்சிகோ வழியினரே ஆனாலும், வேலைநிறுத்தத்தை உடைக்கக் காகிதமில்லாத ஆட்கள் இறக்கப்பட்டபோது 1970களில் அவர்களுக்கு எதிராகக் கடுமையாக நின்றார். அவர் கோபத்தின் காரணம் சரி, அது போய் விழுந்த இடம் தவறு. பயந்தவனை விரட்டினால் அவன் இடத்துக்கு இன்னொரு பயந்தவன் வருவான். பயத்தை எடுத்துவிட்டால்தான் இருவர் கூலியும் ஏறும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களும் இதைப் பேசும்போது ஒரு வாக்கியத்தைக் கேட்கலாம்: 'நாங்கள் வரிசையில் நின்று வந்தோம்.' பச்சை அட்டைக்காகப் பத்து, பதினைந்து ஆண்டு காத்திருக்கும் குடும்பங்கள் சொல்வதில் நியாயமான எரிச்சல் உண்டு. ஆனால் பட்டமில்லாத கூலிக்காரருக்கு அந்த நாட்டில் நிற்க வரிசையே கிட்டத்தட்ட இல்லை. அவ்வகை வேலைகளுக்கு உலகம் முழுவதற்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 10,000 பச்சை அட்டைகளைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். பருவ வேலைக்கு 'ஹெச்-2ஏ' விசா உண்டு. அழைத்த முதலாளியைவிட்டு எளிதில் அகல முடியாது, ஆண்டு முழுக்க ஓடும் இறைச்சி ஆலைக்கு அது பொருந்தவும் பொருந்தாது. நம் குடியிருப்பின் புல்லை வெட்டிவிட்டு ரொக்கமாகக் கூலி வாங்கிப் போகிறவர் எந்த வரிசையில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் புல் வளர்ந்துவிடும்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது வேளாண் தொழிலாளர்களை 'இன்றியமையாத பணியாளர்' பட்டியலில் அமெரிக்க அரசு சேர்த்தது. ஊரே வீட்டுக்குள் இருக்க, காகிதமில்லாதவர்கள் பலர், தாங்கள் இன்றியமையாதவர்கள் என்று முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனார்கள். நாடு கடத்தப்படக்கூடியவர்கள் என்ற நிலையோ அப்படியே இருந்தது. 2025 ஜூனில் பண்ணை, ஓட்டல், இறைச்சி ஆலைகளில் காகிதமில்லாதவர்களைத் தேடும் சோதனைகளை நிறுத்தி வைக்கச் சொன்னது அரசு. நல்ல விவசாயிகள் ஆட்களை இழந்து தவிக்கிறார்கள் என்று அதிபரே எழுதினார். சில நாட்களில் அந்த உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வாரத்துக்குள் ஒரே ஆள் குற்றவாளி, தேவையானவர், மீண்டும் குற்றவாளி.

நேர்மையான வழிகள் இரண்டு உண்டு. இந்த உழைப்பு வேண்டாம் என்றால், வேலை கொடுப்பவரை மெய்யாகவே தண்டித்து, ஏறும் விலையை வாய் பேசாமல் கொடுப்பது. வேண்டும் என்றால், உழைப்பவருக்குக் காகிதத்தையும், கூலி கேட்டு வழக்குப் போடும் உரிமையையும் கொடுப்பது. இரண்டில் எது நல்லது என்று நல்லவர்கள் மாறுபடலாம். உழைப்பை வைத்துக்கொண்டு உழைப்பவரை மறுக்கும் மூன்றாவது வழியை மட்டும் கொள்கை வேறுபாடு என்று அழைக்க முடியாது. அது சுரண்டல், அதைச் செய்பவர்களுக்குத் தெரிந்தே நடக்கும் சுரண்டல்.

போஸ்ட்வில் ஆலையில் கீழ்மட்ட மேற்பார்வையாளர்கள் சிலர் தண்டனை பெற்றார்கள். ஆலையை நடத்தியவர் சிறைக்குப் போனது வங்கி மோசடிக்காக. அவர்மீதான குடியேற்றக் குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பே கைவிட்டது. கள்ள எண்ணில் வேலை செய்தவர்களோ, நாடு முழுக்கவே, அந்த எண்ணின் பேரில் கூலியிலிருந்து சமூகப் பாதுகாப்பு வரியும் கட்டுகிறவர்கள். ஒருநாளும் ஓய்வூதியமாகத் திரும்பக் கேட்க முடியாத பணம். 2010ஆம் ஆண்டில் மட்டும் அப்படி அந்த நிதிக்கு நிகரமாகச் சேர்ந்தது சுமார் 1,200 கோடி டாலர் என்று அந்தத் துறையின் கணக்காளர்களே மதிப்பிட்டார்கள். திருடிய பெட்டிக்குள் பணம் போடும் திருடர்கள்.

2009 மே 4 அன்று, வேறொரு தொழிலாளியின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: அந்த எண் நிஜமான இன்னொருவருடையது என்று தெரிந்தே பயன்படுத்தியிருந்தால்தான் அந்த இரண்டாண்டுச் சிறைக்குரிய அடையாளத் திருட்டு ஆகும். முதலாளிகளுக்கு 1986 முதல் குடைபிடித்த அதே சொல். அது தொழிலாளிகளுக்கும் கிடைத்தபோது, நடனக்கூடத்தில் சங்கிலியோடு நின்றவர்களில் பெரும்பாலோர் ஐந்து மாதச் சிறையை முடித்து, நாடு கடத்தப்பட்டு, குவாத்தமாலாவில் இருந்தார்கள்.