வழக்கும் மரியாதையும்

முத்தாபுதுப்பேட்டையில் குடியிருப்பவர்களுக்குச் சீருடை புதிதல்ல. விமானப்படைத் தளம் இங்கேயே இருக்கிறது. ஆவடிப் பக்கம் போனால் மத்திய ரிசர்வ் போலீஸ், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, டாங்க் ஃபேக்டரி. ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற ஆலைகூட அங்கேதான். 2022 ஜனவரியிலிருந்து ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகமும் வந்துவிட்டது. காக்கியைக் கண்டு பதறுகிற ஆள் இல்லை நான் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து, இருட்டிய பிறகு ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். சாலையில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

“ஏம்மா, வண்டிய ஓரங்கட்டு. இந்நேரத்துல எங்கேர்ந்து வர்ற? லைசென்ஸ் எடு.”

கேட்டவருக்கு என் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும். பையிலிருந்து உரிமத்தை எடுக்கும்போது கல்லூரி அடையாள அட்டையும் கூடவே வந்தது. டார்ச் வெளிச்சத்தில் ‘முனைவர்’ என்ற சொல் தெரிந்ததும் குரல் மாறியது. “மேடம் காலேஜ்ல இருக்கீங்களா? முதல்லயே சொல்லியிருக்கலாமே. நீங்க போங்க மேடம்.”

எனக்கு முன்னால் ஒரு எக்ஸ்எல் வண்டி நின்றிருந்தது. ஓட்டி வந்தவரும் பின்னால் இருந்த பெண்ணும் கட்டட வேலை முடிந்து வருகிறவர்கள். சிமெண்ட் அப்பிய பாண்டு மடியில் இருந்தது. அவர்களுக்குக் காட்ட அட்டை எதுவும் இல்லை. நான் கிளம்பிவிட்டேன். அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

இரண்டே நிமிடத்தில் ‘நீ’யிலிருந்து ‘நீங்க’வுக்கு உயர்ந்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் நான் மாறவில்லை. அப்படியானால் அவர் மரியாதை கொடுத்தது யாருக்கு? எனக்கா, அட்டைக்கா?

இதை ஒரு வேடிக்கைக் கதையாக ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தும் விட்டேன். சிரிப்பு அடங்கியது அக்காவின் விஷயத்தில்தான்.

எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்துவரும்போது பைக்கில் வந்த இருவர் அவருடைய கைப்பேசியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். தவணையில் வாங்கியது, இன்னும் நான்கு மாதம் பாக்கி. சம்பவம் நடந்த இடத்துக்குரிய காவல் நிலையத்துக்கு அவர் தனியாகப் போனார். காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாள் நான் கூடப் போனேன். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. எங்கே போனாலும் கதை பெரிதாக மாறியிருக்காது.

எனக்கு நாற்காலி போட்டார்கள். அக்கா நின்றார். என்னிடம் “சொல்லுங்க மேடம்.” அவரிடம் “நீ எதுக்கு ரோட்ல போன காதுல வச்சிக்கினு நடக்குற? புருஷன் என்ன பண்றான்?” பறிகொடுத்தவர் அவர், கேள்வியும் அவருக்கே. அரைமணி நேரத்தில் மனு வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். “நீங்க வந்ததாலதான் மேடம் உடனே போட்டோம்” என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அக்காவுக்கும் சந்தோஷம். “உங்களுக்கு மரியாத குடுத்தாங்க, அதனால எனக்கு ரசீது கெடச்சிது” என்றார்.

இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. கையில் இருந்தது ரசீது மட்டும்தான், முதல் தகவல் அறிக்கை அல்ல. கைதுசெய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பறிப்பு அப்படியான குற்றம். அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம். இதெல்லாம் எனக்குத் தெரியும். மாணவிகளுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ‘மேடம்’ என்று நான்கு முறை கேட்டதில், கேட்க வேண்டியதைக் கேட்க மறந்துபோனேன். அவர்கள் ஏமாற்றினார்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. மரியாதை கிடைத்த நிறைவில் உரிமையைக் கைவிட்டவள் நான். அதுவும் என் உரிமையை அல்ல, இன்னொருத்தியுடையதை.

மரியாதை ஒருவர் விரும்பித் தருவதா, எல்லோருக்கும் உரியதா? என் துறையிலேயே இதற்கு ஒரு பழைய குறிப்பு உண்டு. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கணத்தின்படி அமைந்ததன்று என்கிறது தொல்காப்பியம். இருபது ஆண்டுகளாகக் கிளவியாக்கத்தில் இந்த இடத்தை நடத்தி வருகிறேன், இப்போதுதான் அதன் கூர்மை தெரிகிறது. இலக்கணத்தின் முன்னால் ஒருவர் என்றால் ஒருவர்தான், ராஜாவானாலும் சித்தாள் ஆனாலும். உயர்த்துவதும் உயர்த்தாமல் விடுவதும் ஊர் வழக்கு. வழக்கு யார் கையில் இருக்கிறதோ மரியாதையும் அவர் கையில்.

ஒருமையே குற்றம் என்று சொல்ல வரவில்லை. அம்மாவை, தோழியை, சாமியை ‘நீ’ என்றுதான் அழைக்கிறோம். அதில் அவமானம் இல்லை. அப்படியானால் எந்த ‘நீ’ வலிக்கிறது? திருப்பிச் சொல்ல முடியாத ‘நீ’. என் தோழியின் ‘நீ’க்கு நானும் ‘நீ’ என்பேன். அந்தத் தடுப்பருகே நான் “நீ எங்கேர்ந்து வர்ற?” என்று திருப்பிக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வழிப்பாதையாக வருகிற ஒருமை நெருக்கமல்ல, அதிகாரம்.

இந்த அளவுகோலை எடுத்தால் அது முதலில் என் சமையலறைக்குத்தான் வந்தது. அக்கா என்று அழைத்தாலும் “நீ நாளைக்குச் சீக்கிரம் வா” என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னை ‘நீங்க’ என்பார். உரிமையோடு பேசுகிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த உரிமை அவருக்கு இருந்ததில்லை. மறுநாள் ‘நீங்க’ என்று பேசிப் பார்த்தேன். “இன்னாம்மா, எம்மேல கோவமா? யாரோ மாதிரி பேசுறீங்க?” என்று கேட்டார். வழக்கை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. ஆனால் நிலையத்தில் கேட்ட அந்த ஒருமை காக்கியோடு பிறந்ததல்ல, நம் வீடுகளிலிருந்து போனது என்பது புரிந்தது.

காக்கிக்குள்ளும் அது மேலிருந்துதான் கீழே வழிகிறது. நிலையத்தில் கணினிக்கு முன்னால் இருந்த பெண் காவலரை அவருடைய அதிகாரி ‘ஏய்’ என்று அழைத்ததையும் பார்த்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து எங்களைப் பார்க்கும்போது எரிச்சல் முகத்தில் இருந்தது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். முதலமைச்சர் போகும் சாலையோரங்களில் அவர்களை மணிக்கணக்கில் நிறுத்த வேண்டாம் என்ற உத்தரவு வந்தது 2021 ஜூனில். கழிப்பறை இல்லாத சாலையில் வெயிலில் நிற்கும் உடம்பு ஒரு பெண்ணின் உடம்பு என்பது துறைக்கு எட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகள். மரியாதை பெறாதவர் மரியாதை தர மாட்டார் என்று இதை நியாயப்படுத்தவில்லை. மேலே வாங்கியதைக் கீழே இறக்கிவைக்க அவருக்குக் கிடைத்த ஆள் என் அக்கா. அவ்வளவுதான் சொல்கிறேன்.

அப்படியானால் ஏணியில் மேலே ஏறிவிட்டால் போதுமா? படி, பதவி வாங்கு, யாரும் உன்னை ‘நீ’ சொல்ல மாட்டார்கள் என்றுதான் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். 2021 பிப்ரவரியில், தன் உயரதிகாரியால் பாலியல் தொல்லைக்கு ஆளான ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் வந்தார். செங்கல்பட்டை அடுத்த பரனூர் சுங்கச்சாவடியில் போலீஸாரே அவரை மறித்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் அன்றைய சட்டம் ஒழுங்குச் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டிலும் 2024 பிப்ரவரியில் அங்கே அது உறுதியானது. வழிமறித்த எஸ்.பி.க்கு அபராதம் 500 ரூபாய். என்னிடம் இருந்ததைவிடப் பெரிய அட்டை அந்த அதிகாரியிடம் இருந்தது. “எங்கே போகிறாய்?” என்ற கேள்வி அவரையும் சாலையில் நிறுத்தியது. பெண்ணுக்கு அட்டையால் வரும் மரியாதை, தருகிறவர் விரும்பும் வரைதான்.

அதே செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னார்கள், பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை கேட்டார்கள். பட்டத்தை நீக்கிய பிறகு மிச்சமிருக்கும் மனிதருக்கு உரியதே சுயமரியாதை. தடுப்பருகே டார்ச் வெளிச்சத்தில் என் முனைவர் பட்டம் பழைய சாதிப் பட்டத்தின் வேலையைத்தான் செய்தது.

கேரளத்தில் ஒரு வணிகர் தொடுத்த வழக்கில், பொதுமக்களை ‘எடா’, ‘எடீ’, ‘நீ’ என்று போலீஸார் அழைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் சொன்னது. அந்த மாநில டி.ஜி.பி. சுற்றறிக்கையும் அனுப்பினார். சுற்றறிக்கையால் நாக்கு மாறுமா என்று கேட்கலாம். உடனே மாறாது. ஆனால் அதுவரை தருகிறவர் விருப்பமாக இருந்ததை, தராவிட்டால் கேள்வி கேட்கக்கூடியதாக அது மாற்றுகிறது. மரியாதைக்கு ‘வழக்கு’ என்ற சொல்லின் இரண்டாவது பொருள் கிடைப்பது அங்கேதான்.

நாங்கள் மறுபடி போனோம். இந்த முறை நாற்காலியில் நான் உட்காரவில்லை, பேசவும் இல்லை. வழியில் சொல்லிக்கொடுத்ததை அக்காவே கேட்டார்: “எஃப்.ஐ.ஆர். போட்டு நகல் குடுங்க சார்.” “யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?” என்றார்கள். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த நாளும் போனோம். மூன்றாவது நடையில் நகல் கிடைத்தது. கைப்பேசி இன்னும் கிடைக்கவில்லை, தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசிவரை அவரை ‘நீ’ என்றுதான் பேசினார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் அந்தத் தாளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அக்காவின் பெயருக்கு மேலே படிவத்தில் ‘தகவல் தந்தவர்’ என்று அச்சாகியிருந்தது. தந்தவள் இல்லை, தந்தவர். “அது நான்தானே?” என்று கேட்டார்.

“நீங்கதான் அக்கா” என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.