கல்லை உட்கார வைத்தவர்

எங்கள் அடுப்பு மேடையில் முப்பது வருஷமாகக் கிடந்தது கடப்பைக் கல். பார்க்கக் கருங்கல் மாதிரி இருந்தாலும் அது சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு பட்டால் மெருகு போய்விடும். அம்மா தினமும் புளி கரைத்த இடம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. தை பிறந்ததும் அதைப் பெயர்த்துவிட்டு, பக்கத்திலேயே வெட்டியெடுக்கும் குன்னம் கறுப்பு கிரானைட் போட்டோம். திண்டிவனத்தில் இருந்துகொண்டு வேறு கல் தேடுவானேன்?

கல் போட வந்தவர் கெட்டிக்காரர். கடையிலேயே பஞ்சில் நகப்பூச்சு நீக்கியைத் தொட்டுக் கல்லில் தேய்த்தார். "கறுப்பு ஒட்டுச்சுன்னா சாயம் ஏத்துன கல்லு சார்." ஒட்டவில்லை. பிறகு ஒரு கை தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "தண்ணி குடிச்சா நிறம் மாறும். அப்ப சீலர் அடிக்கணும். இது குடிக்கல." கூலி பேசும்போது சதுர அடிக் கணக்கு வேறு, ஓரம் உருட்டுவதற்கு ஓட்டடிக் கணக்கு வேறு என்று முன்னாலேயே பிரித்துச் சொன்னார். இப்படிச் சொல்கிறவரை நம்பி வேலை கொடுக்கலாம்.

அப்புறம் அவர் செய்ததுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மேடைமேல் ஏறிக் குந்தி உட்கார்ந்து, தொட்டிக்குக் கல்லை அறுத்தார். "சாப்பாடு வைக்கிற இடத்துல காலா?" என்று என் காதில் முணுமுணுத்தாள். 84 வயது. குருக்கள் வீட்டு மருமகள்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. பத்து வயதில் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் பார்த்தேன். முதலில் பாலாலயம்: சுவாமியின் சாந்நித்தியத்தை மூலவரிடமிருந்து கும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் கருவறையில் இருப்பது கல். ஸ்தபதியின் ஆட்கள் அதைக் கயிறு கட்டி நகர்த்தினார்கள், தோளில் கால் வைத்து ஏறினார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுச் சரக்கை இடித்து இளக்கி, பீடத்தில் அஷ்டபந்தனம் சாத்திச் சிலையை இறுக்கினார்கள். புதிதாகச் செய்த அம்பாளுக்கு ஸ்தபதிதான் கண் திறந்தார். வேட்டி, தாம்பூலம், தட்சணை கொடுத்து அவரை அனுப்பினார்கள். அப்புறம் சிற்பியின் கையும் உளியும் பட்ட தோஷம் நீங்க ஒரு கிரியை. மறுநாள் அதே ஸ்தபதி கூட்டத்தோடு கூட்டமாக அர்த்த மண்டபத்துக்கு வெளியே கைகூப்பி நின்றார்.

"நேத்து வரைக்கும் உள்ள இருந்தாரே, இன்னிக்கு ஏன் வரப்படாது?"

"நேத்து அது கல்லுடா," என்றார் அப்பா.

அந்தப் பதிலில் ஓட்டை இருப்பதாக நாற்பது வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை. மந்திரம் கல்லைச் சுவாமியாக்குகிறது, சரி. ஆனால் கண்ணைத் திறந்த கைக்குத் தோஷம் எங்கிருந்து வந்தது? அஷ்டபந்தனம் பன்னிரண்டு வருஷ வாக்கில் பிடி தளர்ந்துவிடும், பீடத்துக்கும் சிலைக்கும் நடுவே அபிஷேக நீர் இறங்கும். அப்போது மறுபடி பாலாலயம், மறுபடி அதே ஆட்கள். சாந்நித்தியம் நிலைத்திருக்க அந்தக் கை திரும்பத் திரும்ப வேண்டியிருக்கிறது. வேண்டியபோது கல்லைக் கல் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆகமம் தெரிந்தவர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள். அப்பாவே சொல்லியிருக்கிறார். எனக்கு அது வாசலைக் காப்பதற்கான விளக்கமாகத்தான் படுகிறது.

கல் போட்டவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உலர்வாகவே அறுத்தார். தண்ணீர் விட்டு அறுக்கலாமே என்றேன். "ஒயர் நனைஞ்சா ஷாக் அடிக்கும் சார்." துண்டு அந்தப் பொடியைத் தடுக்காது. கல்லில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வருவது சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. எந்தப் பிரதிஷ்டையும் இல்லாமல் கல் இவருக்குள் போய் உட்கார்ந்துவிடும். மீதியைப் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்து வரச் சொன்னேன். ஏற்றுக்கூலி கூடியது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேடை போட ஆள் வைக்கிறவர்கள் விலைக்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

வேலை முடிந்ததும் பால் காய்ச்சினோம். அன்றிலிருந்து அம்மா மேடையில் கோலம் போடாத குறைதான். ஆசிட் கூடாது, எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும் என்று கல் போட்டவர் சொன்னதை மருமகளுக்குச் சட்டமாக்கினாள்.

இரண்டு மாதத்தில் சுவரோரப் பட்டி விட்டுக்கொண்டது. போன் செய்தேன், வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சமையலறை நிலைப்படிக்கு வெளியே நின்று கேட்டார்: "உள்ள வரலாங்களா?" முன்பு மேடைமேல் உட்கார்ந்து டீ குடித்த மனிதர். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. எங்கோ, எப்போதோ, எத்தனையோ வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

அம்மா அவரைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். அடுப்பிலிருந்த குழம்பை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஏறிக்கோப்பா. கீழேருந்து எட்டாது."

பசை வைத்துப் பட்டியை அழுத்திப் பிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. காசு வேண்டாமென்றார். காபியை மட்டும் மேடையில் உட்கார்ந்தே குடித்தார்.