யசோதையின் களைப்பு

(மயிலாடியில் தாய்மார்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் ஒரு பகுதி)

பாகவதத்தில் தசம ஸ்கந்தத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தை வெண்ணெயில் ஆரம்பித்துக் கயிற்றில் முடித்துவிடுவது எங்களைப் போன்ற பிரசங்கிகளின் வழக்கம். ஆனால் சுகாசாரியரோ, நந்தகோபர் வீட்டுப் பணிப்பெண்கள் அன்றைக்கு வேறு வேலைகளில் ஏவப்பட்டிருந்தார்கள், ஆகையால் யசோதை தானே தயிர் கடைந்தாள் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். அதாவது, தாய்மார்களே, அன்று அவள் தனியாக இருந்தாள். இதை இன்னும் பலமுறை சொல்லுவேன்; சலித்துக்கொள்ளாதீர்கள்.

அடுப்பிலே பால், கையிலே மத்து, மடியிலே பிள்ளை கண்ணன். பால் பொங்குகிறதே என்று பிள்ளையை இறக்கிவிட்டு ஓடித் திரும்புவதற்குள் தயிர்ப்பானை உடைந்து கிடக்கிறது. உடைத்தவன் உரலின்மேல் ஏறிக் குரங்குக்கு வெண்ணெய் பரிமாறுகிறான். துரத்திப் பிடித்துக் கட்டினால் கயிறு இரண்டு விரற்கடை குறைகிறது. வேறு கயிற்றை முடிந்தாலும் அதே இரண்டு விரற்கடை. கூடி நின்ற கோபிமார் என்ன செய்தார்கள்? சிரித்தார்கள். ஒருத்திகூட, "நீ உட்கார் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றதாகச் சுகர் சொல்லவில்லை. நம் தெருவும் அப்படித்தானே?

கூட்டத்தில் ஓடுகிற அந்தப் பிள்ளையை இழுத்து உட்கார வைக்காதீர்கள் அம்மா, ஓடட்டும். மேடைக்கு வந்தாலும் வரட்டும். மைக்கை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

பெரியாழ்வார் திருமொழியிலே, கிடத்தினாலும் எடுத்தாலும் அடங்காத பிள்ளையோடு மல்லாடி, வலுவில்லாமல் இளைத்துப் போனேன் என்று தாய் முறையிடுகிறாள். தெய்வத்தை வளர்த்தவளே அப்படி வாய்விட்டுச் சொல்லலாமென்றால், நாஞ்சில் நாட்டுத் தாய் சொன்னால் மட்டும் குற்றமா? பக்கத்தில் சுசீந்திரத்து அநசூயைக்கு, மும்மூர்த்திகளும் குழந்தைகளானபோது, ஒரே சமயத்தில் மூன்று குழந்தைகள் என்பீர்கள். வாஸ்தவம், ஆனால் அவை சொன்னபடி கேட்ட குழந்தைகள்!

உங்கள் பிள்ளைகளுக்குக் கவனம் நிலைக்காமலும், உடம்பு ஓரிடத்தில் நில்லாமலும் இருக்கிறதே, அந்தச் சுபாவத்தை வைத்தியர்கள் ஏடிஹெச்டி என்கிறார்கள். 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறார். மூளை வளர்ச்சியைச் சேர்ந்த விஷயம். பெரும்பாலும் வம்சவழியாக வருவது. 2013-ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் சிறார் நலத் திட்டம் கண்டறியச் சொல்லுகிற குறைபாடுகளில் இதுவும் ஒன்று. ஆகவே, "வளத்த வளப்பு அப்படி" என்று கல்யாண வீட்டுப் பந்தியிலே முணுமுணுக்கிற மாமிமார் இனியாவது வாயை இலையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

உங்களையும் ஒரு வார்த்தை கண்டிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்காக நேர்ச்சை என்று சொல்லி வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் பட்டினி கிடக்கிறீர்களே, நேராமலே கிடக்கிற பட்டினி போதாதா? பிள்ளை பிசைந்துவிட்டு ஓடிப்போன ஆறிய சோற்றை, அடுக்களையிலே நின்றபடி, ஒரு கண் வாசல்மேல் வைத்து விழுங்குவதற்குச் சாப்பாடு என்று பெயரா? உட்கார்ந்து உண்ணுங்கள், பிள்ளை உறங்கும்போது பாத்திரத்தைப் போட்டுவிட்டு உறங்குங்கள். கோபம் மிஞ்சி அடித்துவிட்டு, இரவெல்லாம் அழுதுகொண்டிருப்பதைக் காட்டிலும், 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசுவது புண்ணியம். இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணமில்லை.

கயிறு கடைசியில் எப்படி எட்டிற்று? ஒரு விரற்கடை முயற்சி, மறு விரற்கடை அருள் என்று பெரியவர்கள் வியாக்கியானம் செய்வார்கள். எனக்கோ, அவள் மேனி வியர்த்ததையும் கூந்தற்பூ உதிர்ந்ததையும் கண்டு, தாயின் சிரமத்துக்கு இரங்கி அவன் கட்டுண்டான் என்று சுகர் சொல்வதே போதும். களைப்பைப் பார்த்தான், கட்டுண்டான். பகவான் பார்த்த களைப்பை வீட்டிலே இருக்கிறவர்கள் பார்க்கவில்லையே! பணிப்பெண்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். நீங்கள் எங்கே போயிருந்தீர்கள், அண்ணாச்சிமாரே?

உளிப் பட்டறையிலிருந்து திரும்பியதும் கைகால் கழுவிவிட்டு, ஒரு நாழிகைப் பொழுது பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவிலே நடங்கள். அவள் வீட்டுக்குள் என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்க்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிற நாளில் அவளைத் தனியே பஸ் ஏற்றிவிடாமல், ஒரு நாள் கூலி போனாலும் போகட்டுமென்று நீங்களும் கூடப் போங்கள்.