வலிக்கு யார் சாட்சி?

எங்கள் பக்கம் ‘ரத்தக்கட்டு’ என்றால் அடிபட்டுக் கன்னிப்போன இடம். புளியும் உப்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டால் வத்திப்போகும். ஆஸ்பத்திரியில் சொல்கிற ரத்தக்கட்டி வேறு. அது ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் ரத்தமே உறைந்து வழியை அடைத்துக்கொள்வது. குழந்தைகளுக்கு இது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் வேறொரு பெரிய பாட்டின் பின்னால்தான் வரும்: சிகிச்சைக்காகப் பெரிய ரத்தக்குழாயில் செருகி வைத்த டியூப், எலும்பில் பிடித்த சீழ், புற்றுநோய். ரத்தம் உறையாமலிருக்க மாதக்கணக்கில் மருந்து கொடுத்து அடக்குகிறார்கள். ‘கொணமாயிருச்சு’ என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்னுடைய கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கட்டி கரைந்தாலும் ரத்தக்குழாயின் வால்வு கெட்டுப்போயிருக்கலாம். மேலே ஏற வேண்டிய ரத்தம் காலிலேயே தேங்கும். சாயங்காலமானால் கால் வீங்கும், கனக்கும், தோல் கறுக்கும், முற்றினால் புண்ணாகும். கை, கால்களில் ஆழ்ரத்தக்குழாய் அடைபட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தப் பின்விளைவு வருவதாக ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். இதை உறுதியாகச் சொல்ல ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், டேப்பால் இரண்டு காலையும் அளந்து ஒப்பிட வேண்டும், பிள்ளையிடம் கேட்க வேண்டும். இதற்கென்று மதிப்பெண் போடும் அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, சும்மா இருக்கும்போது, அன்றாட வேலையில், உடற்பயிற்சியில் என்று மூன்று நிலையில் வலியைக் கேட்கிறது. அதற்கு முகப்படம் காட்டுகிறார்கள். 1983இல் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் என்ற இரண்டு பெண்கள் உருவாக்கிய ஆறு முகங்கள் அவை. சிரிக்கும் முகத்துக்குச் சைபர், அழும் முகத்துக்குப் பத்து. பிள்ளை ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். வலியைப் பட்டவன் வாயாலேயே கேட்பது என்பது மருத்துவத்தில் ஒரு ஜனநாயகம். ஆனால் எந்த வாய்?

கொங்கு நாட்டில் எங்கள் வளவுப் பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும் இலக்கணம் ‘ஒண்ணுமில்லீங்க’ என்பது. தோட்டத்தில் முள் ஏறினாலும் ஒண்ணுமில்லீங்க. பள்ளிக்கூடத்தில் கூட்டுமாறைக் கையில் கொடுத்தாலும் ஒண்ணுமில்லீங்க. அதிகாரத்தின் முன்னால் முகத்தைக் கோணக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய உடம்பு அது. மேசைக்கு அந்தப் பக்கம் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பவர் படத்தை நீட்டினால், அது சிரிக்கும் முகத்தைத்தான் தொடும். அங்கே விழும் சைபர் நோயின் அளவா, பணிவின் அளவா?

நான் அறிந்த ஒரு பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் தொடை எலும்பில் சீழ் பிடித்து, கூடவே ரத்தக்கட்டியும் வந்தது. பிழைத்துக்கொண்டாள். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் ‘வெளையாடறப்ப வலிக்குதா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘நான் வெளையாடறதில்லீங்க’ என்றிருக்கிறாள். வலி இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அவள் அம்மா என்னிடம் சொன்னார்: “தம்பி, என்ற புள்ள எங்க ஓடுது ஆடுது? தண்ணிக் கொடம் தூக்கறப்ப வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கலையே. வருசா வருசம் காட்டச் சொல்றாங்க. ஒரு நா போனா ஒரு நா கூலி போச்சு.” பதினாறு வயதில் அவள் நூற்பாலை விடுதிக்குப் போனாள்.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஆலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பேரில் மூன்று வருஷ உழைப்புக்குக் கல்யாணப் பணம் காட்டி எடுக்கப்பட்டவர்களில் பெரும் பங்கு தலித் பெண்பிள்ளைகள் என்பது வெளியே தெரிந்த சேதி. ஷிப்ட் முழுக்க நின்றே செய்கிற வேலை. ரத்தம் தேங்குகிற காலுக்கு நெடுநேரம் நிற்பதைவிடக் கேடு இல்லை. ‘நீண்டகாலப் பின்விளைவு’ என்கிறார்களே, அந்த நீண்ட காலம் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றா? ஒரு பிள்ளைக்கு அது கல்லூரி நாற்காலியில் கழிகிறது, இன்னொன்றுக்கு ஸ்பின்னிங் மிஷின் முன்னால் நின்றபடி கழிகிறது. ஒரே மதிப்பெண், இரண்டு விதி.

“அளவுகோலுக்கு ஏதய்யா சாதி?” என்று ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். அளவுகோலுக்கு இல்லை. அது புழங்குகிற அறைக்கு இருக்கிறது. தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்; எங்கள் கறுத்த தோலில் சிவப்பு லேசில் தெரியாது. நோய்ப்பட்ட காலை நல்ல காலோடு ஒப்பிடச் சொல்கிறார்கள்; எங்கள் பிள்ளைகளின் நல்ல காலும் பசியில் மெலிந்த கால்தான்.

அதற்காக அளவுகோலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எண்ணில் ஏறாத வலிக்கு மருந்தும் வராது, நிதியும் வராது என்பதை நாம் அறிவோம். நான் கேட்பது வேறு. பிள்ளையை உட்கார வைத்துக் கேளுங்கள், தாயையும் உட்கார வையுங்கள். அதன் பேச்சில் கேளுங்கள். விளையாட்டை மட்டும் கேட்காமல் குடத்தையும் ஆலையையும் கேளுங்கள். சாயங்காலம் கால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். டேப்பைச் சுற்றும்போது தயங்காமல் தொடுங்கள். தொடுகிற கை தயங்குவதை எங்கள் பிள்ளைகள் உடனே கண்டுகொள்ளும், கண்டுகொண்டால் வாயை மூடிக்கொள்ளும்.

சாட்சி பயந்து சொன்னால் கோர்ட்டிலேகூட அது செல்லாது. பயந்த பிள்ளை தொட்ட சிரிக்கும் முகம் மட்டும் எப்படிச் செல்லும்? உண்மை சொல்லும் கடமையைப் பிள்ளையின் தலையில் சுமத்துகிறோம். அது பயமில்லாமல் சொல்வதற்கு இடம் உண்டாக்குவது கேட்கிறவரின் கடமை. அந்த முதல் கடமை தீராமல் இரண்டாவதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.