ஆகுமான வேட்டையும் அமானிதமும்

அரபுக் கவிஞர்கள் காதலியின் கண்ணுக்கு உவமை கூறிய ‘மஹா’ என்னும் வெண்ணிற மானினம் 1972-இல் ஓமன் பாலையில் வேட்டையால் அற்றுப்போயிற்று. அதன் இறைச்சி ஹலால், வேட்டையும் ஆகுமானது. அவ்வாறாயின் குற்றம் எங்கே?

இஹ்ராம் பூண்டவர் தரைப் பிராணிகளை வேட்டையாடுவதைத் திருமறை விலக்கியுள்ளது. ஆகுமானதற்கும் எல்லையுண்டு என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை. ஒட்டகத்தில் சென்று பசிக்கு ஒன்றை வீழ்த்துவது வேறு; மோட்டார் வண்டியில் துரத்தி மந்தையையே மாய்ப்பது வேறு.

வேற்றிடங்களில் வளர்த்துக் காக்கப்பட்டவை 1982-இல் அப்பாலையில் மீண்டும் விடப்பட்டன. 1996-இல் 450 ஆகப் பெருகியவை, திருட்டு வேட்டையாலும் வாழிடச் சீரழிவாலும் 2007-க்குள் 65 ஆகக் குறைந்தன. சட்டம் வேலி கட்டலாம்; காவல் நிற்பது இறையச்சமே. படைத்தவன் ஒப்படைத்த அமானிதத்தின் கணக்கை ஒருநாள் நாம் ஒப்புவிக்க வேண்டுமன்றோ!