தொடக்கமும் படைப்பும்

பிரபஞ்சத்திற்குத் தொடக்கம் ஒன்றுண்டு என விஞ்ஞானம் கூறுமாயின், படைத்தவன் ஒருவன் உளன் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாமா? இவ்வினா தருக்கத்தை மட்டுமன்றி, அறிவுலகின் நேர்மையையும் சார்ந்தது.

இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டவர் ஜோர்ஜ் லெமெத்ர என்னும் பெல்ஜிய வானியலறிஞர். அவர் கத்தோலிக்கக் குருவுமாவார். ஐன்ஸ்ரைனின் பொதுச்சார்புக் கொள்கையின் துணைகொண்டு, பிரபஞ்சம் விரிந்து செல்கின்றது என 1927 இல் அவர் விளக்கினார். விரிவது முன்னர் ஒடுங்கியிருந்திருத்தல் வேண்டுமன்றோ? அந்நியாயத்தால், 1931 இல் அதன் மூலத்தை 'ஆதியணு' ஒன்றிற் கண்டார். குருவானவர் ஒருவரின் கருத்தாதலின் இதில் வேதாகமத்தின் சாயல் உண்டெனச் சிலர் ஐயுற்றனர். 1948 இல் பிறெட் ஹொயில் முதலியோர் தொடக்கமற்ற பிரபஞ்சம் என்னும் எதிர்க்கொள்கையை முன்வைத்தனர். 'பெருவெடிப்பு' என்னும் பெயரும் 1949 இல் தமது வானொலியுரையில் ஹொயில் இட்டதேயாகும்.

1951 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், புதிய வானியல் படைப்பிற்குச் சான்று பகர்கின்றது என்னும் கருத்துப்பட உரையாற்றினார். தமது திருச்சபையின் தலைவரே ஆதரவளித்தும் லெமெத்ர மகிழ்ந்தாரல்லர். தமது கொள்கை சமய வினாக்களுக்கு முற்றிலும் புறம்பானது என்பதை 1958 இல் சொல்வே மாநாட்டில் அவர் தெளிவுபடுத்தினார்.

அவர் நிலைப்பாடு நியாயமானதே. இயற்பியல் ஒரு நிலையிலிருந்து அதற்கு முந்திய நிலையைக் கணித்தறிவது. ஏதேனும் ஒன்று இருப்பதுதான் ஏன் என்பது வேறு வினா. மேலும், கருதுகோள் திருத்தத்திற்குரியது. அதன்மீது எழுப்பிய நம்பிக்கை, அது திருத்தப்படும்போது உடன்சரியும். அன்றேல், நம்பிக்கையைக் காக்கும்பொருட்டுத் திருத்தமே தடுக்கப்படும். பின்னது அறிவிற்கு இழைக்கும் அநீதி. படைப்பின் சாயல் தெரிகின்றது என்பதற்காகவே ஒரு கொள்கையை ஒதுக்கும் நாத்திகரும் இவ்வநீதியையே செய்கின்றனர்.

1965 இல் பென்சியாஸ், வில்சன் ஆகியோரின் நுண்ணலைக் கதிர்வீச்சுக் கண்டுபிடிப்பு வெளியாகிப் பெருவெடிப்புக் கொள்கையை வலுப்படுத்திற்று. 1966 இல் இறக்குமுன் லெமெத்ர அச்செய்தியை அறிந்தார். கொள்கையை நிலைநிறுத்தியது அவதானமே, பாப்பரசரின் உரையன்று.

இன்று பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்படுகின்றது. அதில் நாமறிந்த சடப்பொருள் ஏறத்தாழ 5 வீதமே. எஞ்சியது இயல்பு அறியப்படாத கரும்பொருளும் கருஞ்சக்தியும். இச்சிற்றறிவைக் கொண்டு கடவுளை நிறுவ முனைவோரும் மறுக்க முனைவோரும் அவசரப்படுகின்றனர். நம்புவோர் நம்புக, மறுப்போர் மறுக்க. ஆயின், தத்தம் முடிபுக்கு விஞ்ஞானத்தைப் பொய்ச்சாட்சியாக அழைத்தல் இருசாரார்க்கும் தகாது.