உங்க அப்பாகிட்ட சொல்லு



கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதை எடுத்துச் சொன்னவர் இயேசுவின் தாய் மரியா. யாருடைய தவறு என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுக்கவும் இல்லை. இல்லாததை இல்லை என்று, சரிசெய்யக்கூடிய மகனிடமே சொன்னார். அங்கிருந்த ஆறு கல்தொட்டிகளிலும் இரசம் நிரம்பியது அதற்குப் பிறகுதான்.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திராட்சை புதிதல்ல. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று சொல்லப்படும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பந்தலுக்குக் கீழே போனால் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். மேலே சின்ன மஞ்சள் புள்ளி, அடியில் வெள்ளைப் பூசணம். கண்டதும் மருந்தடிக்க ஓடுவீர்கள். கொடிமேல் வைக்கும் இந்தக் கண், வீட்டில் இருப்பவர் முகத்தின்மேல் விழுகிறதா?

மனைவி விடியுமுன்னே ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறார். கணவர் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறார். பேச நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் வீடு சந்திக்க வரும்போது ஒரு பேச்சு காதில் விழும். என் மனசை அறுக்கும். "உங்க அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." அப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நடுவில் பிள்ளை தூது போகும். காதலித்துக் கைப்பிடித்தவர்கள் வீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன், ஒரு காலத்தில் விடிய விடிய போனில் பேசியவர்கள்! சண்டையைவிட இந்த மௌனத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். கை நீளும் வீட்டின் கதை வேறு. அங்கே அடிவாங்கும் சகோதரி பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. வெளியே வந்து சொல்லுங்கள், உங்களோடு நாங்கள் நிற்போம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில், குடும்பத்துக்கு மூன்று சொற்கள் வேண்டும் என்றார். அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. நம் ஆண்களுக்கு மூன்றாவது வாயில் வருவதில்லை. "சரி, விடு" என்று முடித்துவிடுகிறோம். மன்னிப்புக் கேட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். காயம்பட்டவருக்கு அது வாயை மூடு என்றுதான் கேட்கிறது. பெண்களும் மனக்குறையைப் பிறந்த வீட்டுக்கு முதலில் சொல்லிவிடுகிறீர்கள். கணவருக்கு அது கடைசியில், ஊர்வழியாகத்தான் வந்து சேர்கிறது.

இன்று இரவு பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். சாப்பிட நீங்களே கூப்பிடுங்கள்.